அம்மாவுக்கு வந்த எண்

தேயிலைத் தோட்டத்தில் எல்லோருக்கும் போன் கடவுச்சொல் பேர் நம்பர்தான். தினமும் காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் உரக்கக் கூப்பிடும் எண் அது; வரிசை வீடுகளான லயம் முழுவதற்கும் தெரியும். கொழுந்து பறிக்கும் காளியாயி போனில் படம் பார்க்கும் கணக்கில் யாரோ புகுந்து கண்டதையும் போட்டுவிட்டார்கள். அட்டனில் போன் கடை வைத்திருக்கும் மகன் சுதாகரன், தலையும் வாலும் இல்லாத எழுத்துகளாகப் பார்த்து அதை மாற்றினான். யாராவது நுழையப் பார்த்தால் எச்சரிக்கை தன் போனுக்கு வரும்படியும் வைத்தான்.

“என்னடா இது, கோழி கிளறுன மாதிரி? பேர் நம்பர்னா தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்.”

“போனே ஞாபகம் வச்சிக்கும்மா.”

மழையில் நனைந்து திருத்தி வந்த போனுக்கு அது ஞாபகமில்லை.

“தம்பி, பேத்தி படத்தக் காட்ட மாட்டேங்குது.”

“ஞாயித்துக்கெழம வந்து போட்டுத் தர்றேன்.”

போகவில்லை. அடுத்தடுத்த ஞாயிறுகளிலும் கடையில் வேலை இருந்தது. மாசியில் அவள் இறந்துபோனாள்.

கருமாதி முடிந்ததிலிருந்து, பெரட்டு நேரத்தில் அவனுக்கு எச்சரிக்கை வருகிறது: அம்மாவின் போன், தவறான கடவுச்சொல். இறம்பொடையில் இருக்கும் தங்கை பிரேமினியைக் கேட்டான்.

“அந்தப் போன் உசுரே இல்லாமக் கெடக்குண்ணே. பேட்டரி ஊதிப் போச்சு. என் பொட்டிக்குள்ளதான் இருக்கு.”

இன்று காலை வேறொரு செய்தி வந்தது. கடவுச்சொல்லை மறந்தவர் உள்ளே நுழைய ஓர் எண்; யாரிடமும் சொல்ல வேண்டாம் என்ற குறிப்பு. சுதாகரன் கடைக் கதவைச் சாத்தினான். ஒவ்வோர் இலக்கமாக, நிறுத்தி நிறுத்தி, உரக்க வாசித்தான். பிறகு இன்னொரு தடவை, இன்னும் மெதுவாக.