ஃபெயில் ஆகணும்

"வண்டி ஃபெயில்னு வரணும்க்கா."

சுந்தரவல்லிக்குத் தன் காதில்தான் ஏதோ கோளாறு என்று தோன்றியது. செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் சாலையில், பெட்ரோல் பங்க் ஓரமாக அவள் புகைப் பரிசோதனை நிலையம் வைத்திருக்கிறாள். வருகிறவர்கள் எல்லாம் பாஸ் போடச் சொல்லித்தான் கெஞ்சுவார்கள்.

"ஃபெயிலா?"

"ஆமாக்கா," என்றான் ஹேமந்த். அவன் கொண்டுவந்திருந்தது டீசல் ஷேர் ஆட்டோ.

சோதித்துப் பார்த்தாள். பழைய வண்டிதான், ஆனால் யாரோ பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்ட வண்டி. புகை அளவுக்குள்தான் இருந்தது.

"பாஸ் ஆயிடுச்சு. சந்தோஷமா எடுத்துட்டுப் போ."

அவன் முகம் வாடிவிட்டது. "பிரிண்ட் போடாதீங்கக்கா. இன்னா இன்னா இருந்தா ஃபெயில் ஆவும்?"

இவன் எதற்கு இதைக் கேட்கிறான் என்று யோசித்தபடியே சொன்னாள். "ஏர் ஃபில்டர் அடைச்சிருந்தா கரும்புகை வரும். டீசல் பீச்சுற நாசில் தேஞ்சிருந்தா வரும். டீசல்ல கலப்படம் இருந்தாலும் வரும். உன் வண்டியில அதெல்லாம் ஒண்ணும் இல்ல."

"இதோ வந்துடறேன்க்கா."

ஆட்டோவைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தி, பின்பக்கம் குனிந்து ஏதோ செய்தான். திரும்பி வந்தபோது சைலன்ஸர் கரும்புகை கக்கியது.

சுந்தரவல்லி மிஷினைத் தொடவில்லை. நேராகப் போய் ஃபில்டர் டப்பாவைத் திறந்தாள். உள்ளே பழைய துணியைச் சுருட்டித் திணித்திருந்தான்.

"வண்டி யாருது?"

"அப்பாவுது."

"அவர் எங்க?"

"வூட்ல தூங்கினு கீறாரு. அவருக்குத் தெரியாமத்தான் எடுத்துகினு வந்தேன்."

சங்கதி புரிந்துவிட்டது என்று நினைத்தாள். வண்டி உதவாது என்று அப்பாவை நம்பவைத்துவிட்டு, வெளியே நல்ல விலைக்குத் தள்ளிவிடப் பார்க்கிறான்.

"விக்கப் போறியா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "ஆமாக்கா."

"பெத்தவர் சோத்துல கை வைக்கிறியே, நல்லாயிருக்கா இது?"

ஆட்டோவின் முதுகில் 'பெஞ்சமின்' என்ற பெயரும், கீழே போன் நம்பரும் எழுதியிருந்தன. அதைப் பார்த்து ஒவ்வொரு எண்ணாக அழுத்தத் தொடங்கினாள்.

போனைப் பிடுங்க வந்த ஹேமந்த், பாதியில் கையை இழுத்துக்கொண்டான்.

"வேணாம்க்கா. அப்பாவுக்குக் கண்ணு நரம்பு செத்துகினே வருது. ஆபரேஷன் பண்ணாலும் திரும்பாதுன்னு டாக்டர் என்கிட்ட தனியா சொல்லிட்டாரு. போன வாரம் சைக்கிள்ல போன பொண்ண இடிக்கப் போயிட்டாரு. நான் பக்கத்துல இருந்ததால பிரேக்க மிதிக்கச் சொல்லிக் கத்தினேன். கேட்டா, தூசி வுழுந்துச்சுன்றாரு."

சுந்தரவல்லியின் விரல் நின்றது.

"சர்ட்டிபிகேட் இல்லாம வண்டிய ரோட்டுல இறக்கவே மாட்டாருக்கா. இன்ஜின் போச்சு, செலவு பண்றது வேஸ்ட்டுன்னு சொல்லச் சொல்லி மெக்கானிக் கிட்டயும் பேசி வச்சிட்டேன்."

"இவ்ளோ எதுக்கு? விஷயத்த அவர்கிட்டயே சொல்லிட வேண்டியதுதானே?"

"எப்படிக்கா சொல்றது? இத்தினி வருசத்துல வண்டி மேல ஒரு கீறல் வுழாம ஓட்டின மனுசன். உனக்குக் கண்ணு போச்சு, இறங்குன்னா ஒடைஞ்சிடுவாரு. வண்டி போச்சுன்னா தாங்கிப்பாரு."

சுந்தரவல்லி போனை மேஜைமேல் வைத்தாள். ஃபில்டர் டப்பாவை, துணி உள்ளே இருந்தபடியே மூடினாள். மிஷின் குழாயை எடுத்து சைலன்ஸருக்குள் சொருகினாள்.

"ஸ்டார்ட் பண்ணுப்பா," என்றாள். "ஆக்சிலேட்டரை நல்லா முறுக்கு."