தூக்கத்தில் வந்த நூடுல்ஸ்

"அண்ணா, நீதான் சாட்சி. நான் கரண்டியைக்கூடத் தொட மாட்டேன். எல்லாத்தையும் அவரே செய்யட்டும்."

சொல்லிவிட்டு அவள் சமையலறை வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். ஹாலில் அவளுடைய பெட்டி பூட்டுப் போட்டுத் தயாராக நின்றது. அண்ணன், கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். தங்கையிடமிருந்து போன் வந்ததும், அன்றைக்கு வரவேண்டியவர்களையெல்லாம் வேண்டாமென்று சொல்லிவிட்டு ஓடி வந்திருந்தார்.

கணவனுக்கு எரிச்சலான எரிச்சல். மனுஷன் தூக்கத்தில் வாய் தவறி ஒரு வார்த்தை சொன்னால் அதற்கு இப்படியா ஒரு விசாரணை?

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குட்டித் தூக்கம் போட்டபோது அவன் "ராத் நா" என்று முனகிவிட்டான். அது தாய்லாந்து நூடுல்ஸின் பெயர். அகலமான அரிசி நூடுல்ஸைச் சட்டியில் வாட்டி, அதன்மேல் கெட்டியான குழம்பை ஊற்றித் தருவார்கள். வேகமாகச் சொன்னால் ஏதோ பொம்பளை பேர் மாதிரி காதில் விழும். அதற்கு அவன் என்ன செய்வான்?

அவன் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு எதிரே ஒரு ஓட்டலில் சாப்பிட்டானாம், ருசி நாக்கிலேயே நிற்கிறதாம், அதுதான் தூக்கத்தில் வந்துவிட்டதாம். எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தான். அவள் மசியவில்லை. நாக்கில் நிற்கிற சாப்பாட்டைப் பற்றி ஒருநாளாவது வீட்டில் வாயைத் திறந்ததுண்டா என்று கேட்டாள். கடைசியில், அப்படி ஒரு சாப்பாடு நிஜமாகவே இருந்தால் அண்ணன் முன்னால் செய்து காட்ட வேண்டும், இல்லாவிட்டால் பெட்டியோடு அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவேன் என்று சொல்லிவிட்டாள்.

அதனால்தான் இந்தக் கூத்து.

ஊறவைத்த நூடுல்ஸ் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே பிண்டமாகக் கிடந்தது. பிரித்தால் கிழிந்தது. கிழியாமல் பிரிக்கலாமென்றால் கையில் ஒட்டிக்கொண்டு வந்தது. ஒருவழியாகப் பிய்த்து இரும்புச் சட்டியில் போட்டு, கறுப்பு சோயா சாஸை ஊற்றிப் புரட்டினான். புகை மண்டியது. தீ எகிறும்போதெல்லாம் அண்ணன் பழக்கதோஷத்தில், பிரேக் போடுவதுபோல, வலது காலால் தரையை ஒரு மிதி மிதித்தார்.

கருகுகிறதே என்றாள் அவள், நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே. கொஞ்சம் கருகத்தான் வேண்டும், அந்த வாசனை இல்லாவிட்டால் இது சப்பென்று இருக்கும் என்று அவன் பல்லைக் கடித்துக்கொண்டு விளக்கினான்.

அடுத்தது குழம்பு. பூண்டு, கோழித் துண்டுகள், கீரைத்தண்டு எல்லாம் ஒழுங்காகத்தான் வெந்தன. அவசரத்தில் சோள மாவை அப்படியே கொதியில் கொட்டிவிட்டான். கட்டிகட்டியாக மிதந்தது. எல்லாவற்றையும் அரித்து எடுத்துவிட்டு, மாவைப் பச்சைத்தண்ணீரில் கரைத்து மறுபடியும் ஊற்றினான். இந்தத் தடவை கோந்து மாதிரி இறுகிப்போனது. அவன் போட்டிருந்த மூக்குக்கண்ணாடியெல்லாம் ஆவி. சட்டையில் சோயா சாஸ். கரண்டியைப் பாத்திரத்தில் எறிந்தான்.

"எனக்கு ஏன் இந்தத் தலையெழுத்து மச்சான்? நாள் பூரா பார்வை மங்கினவங்களுக்கெல்லாம் எழுத்தைக் காட்டிட்டு வர்றேன். கண்ணு நல்லா இருக்கிற இவளுக்கு மட்டும் ஒண்ணும் தெரிய மாட்டேங்குது."

அண்ணனுக்கே பாவமாகப் போய்விட்டது. போதும் விடம்மா, மனுஷனை எதுக்கு இப்படி வாட்டி எடுக்கிறே என்று தங்கையைப் பார்த்தார். அவள் அசையவில்லை. குழம்பு பொங்குகிறது, அடுப்பைக் குறையுங்கள் என்று மட்டும் சொன்னாள்.

வெந்நீர் விட்டு, உப்பு பார்த்து, மிளகுத்தூள் தூவி, ஒருவழியாகக் குழம்பு பதத்துக்கு வந்தது. மூன்று தட்டுகளில் நூடுல்ஸைப் பரப்பி, மேலே குழம்பை ஊற்றி மேஜையில் கொண்டுவந்து வைத்தான். புகைவாசனையும் பூண்டுவாசனையுமாக வீடே மணத்தது.

அண்ணன் ஒரு வாய் வைத்தார். தட்டைக் காலி செய்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"மாப்ள, ஒரே ஒரு கேள்வி. அன்னைக்குத் தூக்கத்துல சொன்னது இதைத்தானே?"

"சத்தியமா இதேதான் மச்சான். இந்த நூடுல்ஸைத் தவிர வேற யாரும் கிடையாது."

அண்ணன் இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டார். பிறகு தங்கையைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டார். இப்படித் தங்கமான மனுஷனைச் சந்தேகப்பட உனக்கு எப்படி மனசு வந்தது, முதலில் அந்தப் பெட்டியை உள்ளே கொண்டுபோய் வை, அப்புறம் அவரிடம் மன்னிப்புக் கேள் என்றார். ஒரு வாரமாகச் சரியாகத் தூங்காத கணவன், பெருமூச்சு விட்டபடி நாற்காலியில் சாய்ந்தான். மன்னிப்பெல்லாம் எதற்கு, குடும்பமென்றால் இதெல்லாம் சகஜம்தானே என்று பெரிய மனசு பண்ணினான்.

அவள் தட்டில் ஒரு இழைகூட மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு முடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"நல்லா இருக்குங்க. அப்படி ஒரு சாப்பாடு இருக்குன்னு ஒத்துக்கறேன்," என்றாள். "ஆனா அன்னைக்கு அந்தப் பேரைச் சொன்ன கையோட, 'கொஞ்ச நாளைக்கு எனக்கு போன் பண்ணாதே, இவ மோப்பம் பிடிச்சுட்டா'ன்னு சொன்னீங்களே... அதையும் இந்த நூடுல்ஸ்கிட்டதான் சொன்னீங்களா?"