அசல் ஆட்டம்

“இதெல்லாம் டூப்ளிகேட்!”

டைலர் சொன்னது முன்வரிசை வரைக்கும் கேட்டது. விடுதியின் புல்வெளியில் மேளச் சத்தத்துக்கு எட்டுப் பேர் ஆடிக்கொண்டிருந்தார்கள். பின்னால், ‘மலைவாசிகளின் பாரம்பரிய நடனம்’ என்று ஒரு பேனர்.

மனைவி அவர் தொடையில் கிள்ளினாள். “எல்லாரும் திரும்பிப் பாக்குறாங்க. சும்மா இருங்களேன்.”

“அந்தச் சிவப்பு உடுப்பெல்லாம் கைத்தையல்னு மைக்குல சொன்னாங்க இல்ல? ஓரத்தைப் பாரு. மிஷின்ல அடிச்சது. அதுவும் நாலு விரலுக்கு ஒரு தையல் விட்டுப்போயிருக்கு.”

“ஆட்டத்தைப் பாருங்கன்னா தையலைப் பாக்குறீங்க!”

“ஆட்டத்தையும் பார்த்தேன். மூணாவதா ஆடுறது நமக்கு ரூம் சாவி கொடுத்த பொண்ணு. தலையில இறகு வச்சா தெரியாதா? மூக்குல கண்ணாடித் தழும்பு அப்படியே இருக்கு.”

டைலருக்கு எதையும் உள்பக்கம் திருப்பிப் பார்த்தால்தான் நிம்மதி. ஏரியில் படகுக்காரரிடம் ஆழம் எவ்வளவு என்று குடைந்தார். அருவியில் காவலாளியிடம் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். “மேல இருந்துதான்” என்று அவர் சொன்ன பதில் இரண்டு நாளாக உறுத்திக்கொண்டிருந்தது.

ஆட்டம் முடிந்ததும் கூட வேனில் வந்தவர்களைச் சேர்த்துக்கொண்டார்.

“இவ்வளவு தூரம் வந்தது ஹோட்டல்காரங்க குதிக்கிறதைப் பாக்கவா? அசல் ஜனங்க அருவிக்கு மேலதான் எங்கயாவது இருக்கணும். காலையில நான் போய் வழியைக் கண்டுபிடிச்சுட்டு வர்றேன். எல்லாரும் தயாரா இருங்க.”

கைதட்டல் கிடைத்தது. வங்கி மேனேஜர், “கேமராவுக்கு இப்பவே சார்ஜ் போட்டுடறேன்” என்றார்.

விடிந்ததும் கிளம்பிவிட்டார். அருவிக்குப் பக்கத்தில் ஒற்றையடிப் பாதை. முக்கால் மணி நேரம் மூச்சு வாங்க ஏறினால், பத்துப் பன்னிரண்டு வீடுகள். ஆள் யாரும் கண்ணில் படவில்லை. ஆனால் ஒரு சத்தம் கேட்டது. கடகடவென்று ஓடி, நடுவில் ஒரு தடவை தடுமாறி, மறுபடி ஓடும் சத்தம்.

அவருக்குத் தெரியாத சத்தமா?

கடைசி வீட்டு வாசலில் நாற்பது வயசுப் பெண் ஒருத்தி தையல் மிஷின் மிதித்துக்கொண்டிருந்தாள். மடியில் சிவப்புத் துணி. அதே சிவப்பு, அதே ஓரம்.

இவரைக் கண்டதும் எழுந்தாள். முதல் வேலையாகத் தன் பின்னால் வீட்டுக் கதவைச் சாத்தினாள். பிறகுதான், “என்ன வேணும்?” என்றாள்.

“இது... நேத்து கீழ ஆடினாங்களே, அவங்க துணியா?”

“ஆமா. நாங்கதான் தைச்சுக் கொடுக்குறோம்.”

“உங்க ஆட்டத்தைக் காப்பியடிக்கிறாங்க, நீங்களே தைச்சும் கொடுக்குறீங்களா?”

அவள் சிரித்தாள். “அதையும் நாங்கதான் சொல்லிக் கொடுத்தோம். நாலு சுத்து, ரெண்டு குதி. எங்க ஆட்டம் அது இல்லைங்க. எங்களது, வீட்டுல சாவு விழுந்தா ஆடுறது.”

“அப்புறம் எதுக்கு அது?”

“முன்னாடி இங்க வேன் வேனா வருவாங்க. கதவைத் தள்ளிக்கிட்டு அடுப்படி வரைக்கும் கேமராவோட நுழைவாங்க. எங்கப்பா செத்த அன்னிக்கு, அவரை நடுவுல கிடத்திட்டு ஆடுறோம். ஒருத்தர் வந்து, ‘படம் சரியா விழலை, இன்னொரு வாட்டி ஆடுங்க’ன்னாரு.”

டைலர் வாசலிலிருந்து ஒரு அடி பின்னால் தள்ளி நின்றார்.

“அதுக்கப்புறம்தான் கீழ விடுதியில சாவி கொடுக்குற பொண்ணுகிட்டப் போய்க் கேட்டோம். ‘கீழயே ஒண்ணை ஆடிக் காட்டிடு தாயி, எங்களை விட்டுடுவாங்க’ன்னு. நல்ல பொண்ணு, சரின்னுடுச்சு. ஆறு வருஷமா ஒருத்தரும் மேல வரலை. நீங்கதான் முதல் ஆளு.”

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. சாதாரணமாகச் சொன்னாள். டைலருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. மூடியிருந்த கதவைப் பார்க்கவும் கூச்சமாக இருந்தது.

“ஊசி வளைஞ்சிருக்கும்மா,” என்றார் கடைசியில். “அதான் தையல் விடுது. நான் மாட்டித் தரட்டுமா?”

சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் ஊசி அட்டையை எடுத்தார். புது ஊசியை மாட்டி, ஓரத்தில் ஒரு முழம் ஓட்டிப் பார்த்தார். ஒரு தையல்கூட விடவில்லை. மீதி ஊசிகளை அப்படியே மிஷின் மேல் வைத்துவிட்டு இறங்கினார்.

கீழே ஏரிக்கரையில் மொத்தக் கூட்டமும் ஷூ, தொப்பி, கேமராவோடு காத்திருந்தது.

“என்ன டைலரே, வழி கிடைச்சுதா?” வங்கி மேனேஜர் ஓடி வந்தார்.

“வழியாவது ஒண்ணாவது! மேல வெறும் புதரு சார். காலை வைக்கிற இடமெல்லாம் அட்டைப்பூச்சி.” குனிந்து கணுக்காலைப் பலமாகச் சொறிந்தார்.

“அப்ப அந்த அசல் ஜனங்க?”

“நல்லா விசாரிச்சுட்டேன். நேத்து ஆடுனவங்கதான் அசல். சுத்தமான அசல். நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்.”

கூட்டம் உச்சுக் கொட்டிவிட்டுப் படகுத்துறைப் பக்கம் கலைந்தது.

மனைவி மட்டும் நகரவில்லை. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் ‘நான்தான் தப்பு’ என்று இவர் வாயால் அவள் கேட்டதே இல்லை. மேலும் கீழும் அவரைப் பார்த்தாள். கணுக்காலில் ஒரு கீறல்கூட இல்லை. தோளில் ஒரு நூல் தொங்கியது. நேற்று அவர் காட்டிய ஓரத்தின் அதே சிவப்பு.

அண்ணாந்து அருவியின் உச்சியை ஒரு தரம் பார்த்தாள்.

“யாரும் பாக்குறதுக்குள்ள சட்டையை உதறுங்க,” என்றாள் மெதுவாக. “அசல் ஒட்டிக்கிட்டிருக்கு.”