யோபுவின் முதல் பிள்ளைகள்

ஆராதனை முடிந்ததும் வாசலில் நிற்கும் போதகரின் கையைக் குலுக்கி, "நல்ல செய்தி ஐயா" என்று சொல்லிவிட்டு நகர்வது அந்தச் சபையின் வழக்கம். ஜெபசெல்வி நகரவில்லை. பத்துப் பிள்ளைகளைப் பறிகொடுத்த யோபுவுக்குக் கர்த்தர் மறுபடி பத்துப் பேரைக் கொடுத்து ஈடுகட்டினார் என்பது அன்றைய பிரசங்கம்.

"பொறவு பொறந்த பொம்பளப் பிள்ளையளுக்கு வேதத்துல பேரு இருக்கு. செத்ததுவளுக்கு ஏன்யா இல்ல? அதுவளுக்கு ஈடு உண்டுமா?" என்று கேட்டாள். பிடித்த கையை விடவில்லை. பின்னால் வரிசை தேங்கியது.

ஜெபசெல்வி தன் மகளைப் புதைத்து இன்னும் வருடம் திரும்பவில்லை. கணவன் ஆசீர்துரை வெட்கப்பட்டு, யாரோ ஒருவனைப் போல விலகிப்போய் பைக்கை உதைத்தான்.

மறு ஞாயிறு போதகர் அதே அதிகாரத்தைத் திறந்தார். "சென்ற வாரம் நான் தவறாகப் பிரசங்கித்தேன். வாசலில் ஒரு தாய் என்னைத் திருத்தினார்கள். பிள்ளைக்கு ஈடு கிடையாது."

ஆண்கள் பக்கத்தில், போன வாரம் வராத ஒருவர் ஆசீர்துரையின் காதருகே குனிந்தார். "பிரசங்கம் பண்ணுத ஐயரையே திருத்தியிருக்காளே, யாருவே அது?"

ஆசீர்துரை நிமிர்ந்து உட்கார்ந்தான். மகளின் அடக்கத்துக்குப் பிறகு அவன் வாயில் வராத பெயர், பெண்கள் பக்கம்வரை கேட்டது.

"எம் பொண்டாட்டிதாம்வே. பெனிட்டா அம்மா."