பிரிக்கும் சுவர்

அந்த அகமதாபாத் கட்டட வடிவமைப்பு அலுவலகத்தில் இருபது ஆண்டுகளாக ஒரே விதி: ஒருவர் வரைந்த கோட்டை மற்றவர் அழிக்கலாகாது, அதன்மேல் மெல்லிய தாளை விரித்துத் தம் திருத்தத்தை வரையலாம்.

நிரவ் வரைந்த சுவரின்மேல் தாளை விரித்து, கேத்கி ஒரு கதவை வரைந்தார்.

“பிரிஞ்சு போறவங்களுக்குக் கதவு எதுக்கு, கேத்கிபென்?”

“கோவத்துல அறைஞ்சு சாத்தவாவது ஒண்ணு வேணாமா, நிரவ்பாய்?”

“அவங்க கேட்டாங்களா?”

“கேக்க மாட்டாங்க. ரெண்டும் ரோஷம் புடிச்ச ஜென்மம்.”

நிரவ் அழிப்பானை எடுத்தார். வரைபடத்தின் மூலையில் அவர் கையாலேயே எழுதிய முகவரி இருந்தது: இதே அலுவலகம். திங்கள் முதல் இங்கே இரண்டு நிறுவனங்கள்: ஒன்று அவருடையது, மற்றது கேத்கியுடையது.

அழிப்பானை வைத்துவிட்டு அவர் இன்னொரு தாளை விரித்தார்.

“டீத்தட்டோட நுழைய இந்த அகலம் போதாது” என்று கதவை இன்னும் ஓரடி அகலப்படுத்தினார்.