திருட்டு ஓட்டை

“பெட்டியோட இடது பக்கம் ஒரு திருட்டு ஓட்டை இருக்கு, மேடம். பார்த்தீங்களா?” என்றான் டுவேன்.

“அதை அடைக்கத்தான் கொண்டுவந்தேன்” என்றாள் வெர்னா. எழுபது வயதுக்காரி.

அமெரிக்காவின் டுலூத் நகரத்தில், காசு போட்டு ஆடும் பழைய பின்பால் மெஷின்களைப் புதுப்பிக்கிறவன் டுவேன். பெட்டியில் ஓட்டை போட்டு, கம்பி விட்டு, உள்ளே சுவிட்சைத் தட்டிக் காசில்லாமல் ஆடும் கில்லாடிகளைக் கண்டாலே அவனுக்கு ஆகாது. நல்ல மரத்தைப் பாழாக்கும் ஜென்மங்கள்!

“எந்தக் கழிசடை பண்ணினானோ, அவன் கை விளங்காது.”

“ஓட்டை போட்டது யாருன்னு தெரியாது. கம்பி விட்டு ஆடினது நான்தான்.”

டுவேனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

“ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பதுல, புருஷன் விட்டுட்டுப் போன குளிர்காலம். என் ரூம்ல ஹீட்டர் கிடையாது. டோய்வோ பார்லதான் கதகதப்பா இருக்கும். ஆனா அந்த மனுஷன் மகா கறார். ‘குடி, இல்லேன்னா ஆடு. சும்மா உக்கார இது சர்ச் இல்ல’ன்னு போர்டே மாட்டியிருந்தார். என் கையில காசு தீர்ந்த வாரம், அங்க இருந்த இந்த மெஷின்ல அதுவரைக்கும் பார்க்காத ஓட்டை ஒண்ணு கண்ணுல பட்டுச்சு. ஏப்ரல் வரைக்கும் ஓசியில ஆடினேன்.”

“அவருக்குத் தெரியாதா?”

“தெரிஞ்சா விட்டிருப்பாரா? பீர் நுரையைக்கூட அளந்து ஊத்தற ஆளு. போன வருஷம் செத்துப்போனார். மனசு கேக்காம இந்த மெஷினை ஏலத்துல எடுத்தேன். அன்னைலேர்ந்து தட்டுது.”

“எது தட்டுது?”

“ஓசி ஆட்டம் விழுந்தா உள்ள ஒரு சுத்தியல் டக்குனு அடிக்குமே, அது. பிளக்கைப் பிடுங்கினாலும் தட்டுது, பகல் ராத்திரி பார்க்காம! ‘திருடி, திருடி’ன்னு சொல்ற மாதிரியே இருக்கு. தூங்கி மூணு மாசமாச்சு. அடைச்சிடுப்பா.”

பாவம், வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டான் டுவேன்.

மறுநாள் காலை உள்பாகங்களையெல்லாம் கழற்றித் தட்டில் வைத்துவிட்டு, வெறும் பெட்டியின் ஓட்டையில் மக்குப் பசையை வைத்து அடைத்தான்.

டக்.

திரும்பிப் பார்த்தான். சுத்தியல் தட்டில்தான் கிடந்தது. சத்தம் வந்தது பெட்டிக்குள்ளிருந்து.

சாப்பிட்டுவிட்டு வந்தபோது மக்கு முழுசாகத் தரையில் கிடந்தது. பசை தடவி மர ஆப்பு அடித்தான். கையைத் துடைப்பதற்குள் டக், டக். ஆப்பு அவன் கண்ணெதிரே வெளியே நகர்ந்து வந்து, காலடியில் விழுந்தது.

டுவேன் இரண்டடி பின்வாங்கினான். பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனால் எடுத்த வேலையை விட்டுப் பழக்கமில்லாதவன். பழைய பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு, வேறு விதமாக அடைக்கலாம் என்று உப்புக்காகிதத்தை எடுத்தான்.

ஓட்டையைச் சுற்றி மட்டும் பெயின்ட் திட்டாக அப்பியிருந்தது. அது உதிர்ந்ததும் அவன் கை நின்றுவிட்டது. உடனே வெர்னாவுக்குப் போன் போட்டான்.

பூட்ஸில் ஒட்டிய பனியோடு ஓடிவந்தாள். “அடைச்சாச்சா?”

“அடைக்க விடமாட்டேங்குது, மேடம். இங்க, வெளிப்பக்கம் தடவிப் பாருங்க. பார்த்து, சிராய் குத்தும்.”

“ஆமா, குத்துது.”

“இப்ப உள்பக்கம்.”

“வழவழன்னு இருக்கு. அதுக்கென்ன?”

“டிரில் நுழையற பக்கம் சுத்தமா இருக்கும். வெளிய வர்ற பக்கம்தான் மரம் பிய்யும். திருட வர்றவன் வெளியிலேர்ந்துதானே போடுவான்? இது உள்ளேருந்து போட்டது. பிஞ்சது தெரியாம இருக்க மேல பெயின்ட் வேற அப்பியிருக்கு. பெட்டிச் சாவி யார்கிட்ட இருந்துச்சு?”

வெர்னா ஓட்டையிலிருந்து விரலை எடுக்கவில்லை.

“ஒரே சாவிதான், தம்பி. டோய்வோ யார்கிட்டயும் கொடுத்ததே இல்ல.”