நடுவில் வீட்டுக்கு வரக் கூடாது

“டென்ட்டை டாய்லெட்டுக்குப் பக்கத்துல போடாதீங்க மாப்பிள்ளை. ரொம்பத் தூரத்துலயும் போட்டுடாதீங்க,” என்றார் மாமா.

மாப்பிள்ளை தலையாட்டினார். அவர் பேக்கரியில் இரவு ஷிப்ட் மாஸ்டர். ஊர் தூங்கும்போது மாவு பிசைந்து, ஊர் எழுந்திருக்கும்போது படுக்கப் போகிறவர். யாராவது பக்கத்தில் மெதுவாகப் பேசினால் அவருக்குக் கண் தானாக மூடிக்கொள்ளும். இப்போதும் பாதி மூடியிருந்தது.

ஹால் நடுவில் மாமாவின் டென்ட் விரிந்து கிடந்தது. இசை விழா எங்கே நடந்தாலும் இதோடு போய் மூன்று நாள் தங்கிவிட்டு, சேறும் சிரிப்புமாகத் திரும்புவது அவர் வழக்கம். நாலு பேர் படுக்கும் டென்ட்டில் தனியாகப் புரண்டு பழகியவருக்குக் கல்யாணம் ஒத்துவராது என்பது அவருடைய தங்கையின் கட்சி. அந்தத் தங்கையைத்தான் மாப்பிள்ளை கட்டியிருந்தார்.

அவர்கள் இரண்டு பெண் குழந்தைகளோடு இந்த வீட்டுக்குக் குடிவந்து நாலு மாதம்தான் ஆகிறது. வந்த அன்றே வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இந்த வருஷம் நீங்கள் குடும்பத்தோடு விழாவுக்குப் போகிறீர்கள் என்று அறிவித்தவர் மாமா. டென்ட்டையும் கொடுத்து, நாலு டிக்கெட்டையும் அவரே வாங்கி வந்துவிட்டார்.

அனுபவங்களை ஒவ்வொன்றாக இறக்கினார். சட்டை இல்லாமல்கூட இருந்துவிடலாம், காய்ந்த சாக்ஸ் இல்லாமல் முடியாதாம். டென்ட் வாசல் மேட்டைப் பார்த்திருந்தால் மழைத் தண்ணீர் நேராக உள்ளே குடிவந்துவிடுமாம். அங்கே எல்லா டென்ட்டும் பச்சை என்பதால், சின்னவளின் மஞ்சள் மழைக்கோட்டைக் குச்சியில் கட்டி அடையாளத்துக்கு நட வேண்டுமாம். இப்படித்தான் ஒருவர் அடையாளம் வைக்காமல் யாருடைய டென்ட்டிலோ புகுந்து தூங்கி, காலையில் அவர்கள் கொடுத்த டீயையும் குடித்த பிறகுதான் விஷயத்தைக் கண்டுபிடித்தாராம். அந்த ஒருவர் யார் என்று மாமா சொல்லவில்லை.

காரை எடுக்கும் யோசனையே வேண்டாம் என்றார். மாப்பிள்ளைக்கு அந்த யோசனையே இருக்கவில்லை.

“பாத்ரூமுக்கு என்னண்ணா பண்றது?” என்றாள் தங்கை.

“அதை யோசிக்காம இருக்கப் பழகிக்கணும்.”

மாப்பிள்ளை கண்ணை முழுதாகத் திறந்தார். “மச்சான், எனக்கு மூணு நாள் லீவு கிடைச்சதே அதிசயம். அடுத்தது எப்பன்னு அந்த முதலாளிக்கே தெரியாது. நான் பாட்டுக்குக் கட்டில்ல படுத்துத் தூங்கறேனே.”

பெரியவளின் முகம் தொங்கிப்போனது. பள்ளிக்கூடத்தில் மிச்சமில்லாமல் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தாள்.

“கட்டில் எங்கயும் ஓடாது,” என்றார் மாமா. “ராத்திரி நேரத்துல உங்க பொண்ணுங்க பக்கத்துல படுத்துத் தூங்கி எவ்வளவு நாளாச்சு, அதைச் சொல்லுங்க.”

மாப்பிள்ளை நேர்மையாக யோசித்தார். “சின்னவ பொறந்தப்போ ஆஸ்பத்திரியில ஒரு ராத்திரி. அதுவும் உட்கார்ந்துக்கிட்டு.”

சின்னவள் இப்போது இரண்டாம் வகுப்பு.

“இந்த லீவு அதுக்குத்தான்னு வச்சுக்கங்க,” என்றார் மாமா.

இரண்டு பெண்களும் அப்பாவையே பார்த்தார்கள். மாப்பிள்ளை டென்ட்டைச் சுருட்ட ஆரம்பித்தார்.

மாமா குரலைத் தாழ்த்தினார். “ஆனா ஒண்ணு. முதல் நாளே வீட்டுக்கு ஓடிடலாம்னு தோணும். டாய்லெட் வரிசையில நிக்கும்போது ரொம்பவே தோணும். நடுவுல வீட்டுக்கு வரவே கூடாது. ஒரு தடவை எட்டிப் பார்த்தாலும் எல்லாம் கெட்டுச்சு.”

“நீ வராம நாங்க மட்டுமாண்ணா?”

“நான்தான் போதும் போதும்னு பார்த்தாச்சே. வீட்டை யார் பாத்துக்கறது? செடிக்குத் தண்ணி ஊத்தணும்.”

தங்கைக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த வீட்டில் செடியே இல்லை என்பது அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் நாலு பேரும் மூட்டை முடிச்சுகளோடு கிளம்பினார்கள். மாமா வாசல் வரை வந்து கையசைத்துவிட்டு, உள்ளே போய்க் கதவைத் தாழிட்டார். டாய்லெட்டில் வரிசை இல்லை. வெந்நீரில் நிதானமாகக் குளித்தார். வருஷக்கணக்கில் ஈரத் தரையில் கிடந்து வீணாய்ப்போன முதுகை மாப்பிள்ளையின் கட்டிலில் கிடத்திப் பார்த்தார். முதுகு சம்மதித்தது. இருட்டத் தொடங்கியதும் டீயோடு பால்கனிக்கு வந்தார். ஒரு நாற்காலிக்கு மட்டுமே இடமுள்ள பால்கனி அது. லைட்டைப் போட்டுக்கொண்டு, கால்களைக் கம்பிமேல் நீட்டி, முதல் வாய் டீயை உறிஞ்சியபோது போன் அடித்தது.

மாப்பிள்ளைதான். கிசுகிசுப்பாகப் பேசினார். டாய்லெட் வரிசையைப் பற்றி மச்சான் சொன்னது ரொம்பக் குறைவு என்றார். இரண்டு தடவை தங்கை மூட்டையைக் கட்டினாளாம், இவர் விடவில்லையாம். ஆட்டம் போட்ட களைப்பில் பெண்கள் இருவரும், பாட்டு தொடங்குவதற்கு முன்பே, ஆளுக்கொரு கையில் தலைவைத்துத் தூங்கிவிட்டார்களாம். கையை எடுக்க மனசில்லாமல் போனை நெஞ்சின்மேல் வைத்துப் பேசுகிறாராம். இப்படி ஒரு லீவு தன் ஆயுளில் எடுத்ததில்லை என்றார்.

“ஒரே ஒரு உதவி மச்சான்.”

“சொல்லுங்க மாப்பிள்ளை.”

“நம்ம வீட்டு பால்கனி லைட்டைக் கொஞ்சம் அணைச்சிடுங்க. ரோட்டைத் தாண்டி நேரா எங்க டென்ட்டுக்குள்ள அடிக்குது. சின்னவ முழிச்சுக்குவா.”

மாமா எழுந்து லைட்டை அணைத்தார். இருட்டில் விழா மேடை இன்னும் துல்லியமாகத் தெரிந்தது.